தோட்டாவும் எஃகும்

நெய்வேலியில் குடியரசு நாள் அணிவகுப்பு முடிந்து, தேசிய மாணவர் படையின் பயிற்சித் துப்பாக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். தமிழ் விரிவுரையாளனாகிய என்னிடமே அப்படைப்பிரிவின் பொறுப்பும். மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இந்த .303இன் குழலை மட்டும் மாற்றி 7.62 தோட்டா சுடலாமா?"

பலரும் இஷாப்பூர் 2ஏ அப்படிப் பிறந்ததென்றே நம்புகிறார்கள். உண்மை வேறு. 1962 சீனப் போருக்குப் பின் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை, லீ என்ஃபீல்டின் வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. பழைய தோட்டாவின் கூடு 56 மில்லிமீட்டர், புதியது 51. நீளம் குறைவு, அழுத்தமோ அதிகம். ஆகவே உறுதி கூடிய எஃகில் உடலையே புதிதாகச் செய்தார்கள். தோட்டாப் பெட்டியும் மாறியது. பத்துக்குப் பதில் பன்னிரண்டு கொள்ளும்.

என் தந்தை இவ்வூருக்கு வருமுன் வெளியூர் அரிசி ஆலையொன்றில் வேலை பார்த்தவர். ஒட்டுப்போட்ட பழைய கொதிகலனில் அங்கே அழுத்தத்தைக் கூட்டினார்கள். வெடித்தது. "இரும்பைக் கேக்காம ஏத்திட்டாங்கப்பா" என்பார், முழங்கைத் தழும்பைத் தடவியபடி.

அதை மாணவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பயிற்சிக்கென்று குழலில் இட்டிருந்த துளையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தாங்கியில் சாய்த்து வைத்தான்.