ஒரு குடம் தண்ணீர்

சித்திரையில் தேனிப் பக்கம் போனால் வீரபாண்டியில் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து, கௌமாரியம்மன் கோயில் கம்பத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும் ஜனம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆற்றில் தண்ணீர் வருமா என்பதே அவர்கள் கையில் இல்லை. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை, மேற்கே போன பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. 1979-ல் நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். மறுபடி 142 அடி தேக்க, 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. முழுசா 35 வருஷம்! நடுவில் 2011 டிசம்பர். அணையே இருக்குமா என்ற பயத்தில் கம்பம், கூடலூர் ஜனமெல்லாம் குமுளியைப் பார்த்து நடந்தார்களே, ஞாபகம் இருக்கா?

கோர்ட்டை நம்பினார்கள், ரோட்டில் இறங்கினார்கள், ஆத்தாளையும் விடவில்லை.

எனக்கு பி.காம். படித்த புத்தி. இத்தனை வேண்டுதலுக்கு என்ன வரவு என்று கூடலூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டேன். சிரித்தார்.

“வேண்டிக்கிட்டா தண்ணி வந்துரும்னு இல்ல தம்பி. வேண்டிக்கிட்டாத்தான் நாத்துப் பாவ கை வருது.”

ஜூன் 1-ல் தண்ணீர் திறப்பது வழக்கம். மழை ஏமாற்றினால் தேதி தள்ளிப்போகும். 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். திறப்பார்களா என்று தெரியாமலே விதைநெல் வாங்கி வைத்திருந்தார் அந்த மனுஷர்.

அவர் வீட்டு சாமி மாடத்தில் அம்மன் படம். பக்கத்திலேயே மீசை வைத்த வெள்ளைக்காரர், பென்னிகுயிக். இரண்டு பேருக்கும் ஒரே குங்குமம்.