நால்வர் சுமந்த கட்டில்



பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள் நம் பெரியோர். இன்னல் ஒன்று வந்தால் முழந்தாளிட்டு மன்றாடுகிறோம். அது தீருமுன் அடுத்தது வந்து, அதன்மேல் மூன்றாவதும் விழும்போதோ, செபிக்கத் திறந்த வாய் ஊமையாகிவிடுகிறது. "சாமி, செபமாலையைக் கையில் எடுத்தாலும் வாய் வரவில்லையே; என் விசுவாசம் போய்விட்டதா?" என்று கண்ணீரோடு நம்மிடம் கேட்டவர்கள் பலர். இத்திங்கள் அக்கேள்வியைச் சற்றுச் சிந்திப்போம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்து நாம் பணியாற்றும் பங்கு அமைந்துள்ளது. இரும்பை உருக்கும் ஆலைகளும் உருட்டும் ஆலைகளும் இங்கே இரவு பகலாக இயங்குகின்றன. தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர், ஈழத்திலிருந்து அடைக்கலம் நாடி வந்து முகாமில் வாழ்வோர், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் என ஞாயிறு திருப்பலியில் கூடுவோர் பல திசையினர். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். ஒரு நாள் வேலை நின்றால் ஒரு நாள் அடுப்பும் நிற்கும்.

இவர்களுள் ஒரு குடும்பம். 2019ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், இரவு ஷிப்டில் இருந்தபோது, குடும்பத் தலைவரின் வலக்கை உருளைகளில் சிக்கி மணிக்கட்டுவரை போயிற்று. வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரர் அவரது பெயரை ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை. இழப்பீட்டுக்காக அலைந்தே மாதங்கள் கழிந்தன. மனைவி ஓர் ஆலையின் உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கி இரு பெண்பிள்ளைகளைக் காத்து வந்தார். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. அந்த வேலையும் நின்றது. அதே நாள்களில் கணவரின் தாயார் தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்த ஊரில் இறந்தார். ஒரு பிடி மண் போடவும் மகனால் போக முடியவில்லை.

ஊரடங்கு சற்றுத் தளர்ந்தபின் அவர்கள் இல்லம் சென்றோம். அம்மையார் சொன்னார்: "கடவுள்மேல் கோபம் இல்லை சாமி. என்ன சொல்லிக் கேட்பது என்றே தெரியவில்லை. செபம் நின்றுபோயிற்று." நாம் காரணம் கற்பிக்க முற்படவில்லை. மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து, கப்பர்நகூமில் நால்வர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த பகுதியை வாசித்துக் காட்டினோம். "அந்த நோயாளி ஏதேனும் செபித்ததாக எழுதியிருக்கிறதா, பாரம்மா" என்றோம். நூலை வாங்கி இருமுறை படித்தார். "இல்லை சாமி" என்றார்.

ஆம், அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. வாயிலில் கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. நால்வரும் கூரைமேல் ஏறினர். அதைப் பிரித்து, படுக்கையோடு அவனை ஆண்டவர் திருமுன் இறக்கினர். ஆண்டவர் நோக்கியது படுத்திருந்தவனின் விசுவாசத்தை மட்டுமன்று, அவர்களின் விசுவாசத்தை என நற்செய்தியாளர் பன்மையில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நடக்க இயலாதவனைப் பிறர் கால்கள் கொண்டுசேர்த்தன. அவ்வாறே, செபிக்க இயலாதவனைப் பிறர் செபம் கொண்டுசேர்க்கிறது.

இது திருச்சபை நாள்தோறும் கடைப்பிடிக்கும் வழியே. திருப்பலியில் சமாதானம் கூறுமுன் குரு சொல்லும் மன்றாட்டை நினைவுகூருங்கள். எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் விசுவாசத்தைப் பார்த்தருளும் என்ற கருத்தில் அல்லவா அங்கே வேண்டுகிறோம்? பேச்சறியாப் பச்சிளங்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும் அதே விசுவாசத்தில்தான். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று கதிரவன் மறையும்வரை அவற்றைத் தாங்கினர். நம் ஆண்டவரும் கெத்சமனியில் தமக்குத் துணையாக விழித்திருக்கச் சீடர் மூவரைக் கேட்டார். சிலுவைப் பாதையில் சீரேனே ஊர் சீமோனின் தோள் அவருக்குத் துணையாயிற்று. இறைமகனே பிறர் தோளை ஏற்றுக்கொண்டிருக்க, நாம் ஏற்க நாணுவது ஏன்?

2020 மார்ச் 27 அன்று, மழை பெய்த மாலையில், ஒருவருமற்ற புனித பேதுரு சதுக்கத்தில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நின்றதைப் பலர் கைப்பேசியில் கண்டிருப்பீர்கள். கடலில் புயல் அடிக்க ஆண்டவர் படகில் உறங்கிய நற்செய்திப் பகுதியைச் சிந்தித்து, நற்கருணையால் உலகை ஆசீர்வதித்தார். ஆலயம் செல்ல இயலாது அடைபட்டிருந்த கோடிக்கணக்கானோரின் கட்டிலை அன்று திருச்சபை சுமந்தது.

அக்குடும்பத்தின் கட்டிலைச் சுமந்தவர்களும் இருந்தனர். முகாமில் வாழும் மூதாட்டி ஒருவர் மாலை ஏழு மணிக்கு அவர்கள் வீட்டுக்கு வந்து செபமாலை சொல்வார். வீட்டார் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். போரில் வீடும் மக்களும் இழந்தவர் அவர். பதில் சொல்லும்படி ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அன்பியத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் மனுக்களை எழுதி, தொழிலாளர் அலுவலகத்துக்கு உடன் நடந்தார். வின்சென்ட் தே பவுல் சபையினர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை ஏற்றனர். ஊர் திரும்ப வழியின்றிக் கிடந்த ஜார்க்கண்ட் இளைஞர்கள் தமக்குக் கிடைத்த அரிசியில் ஒரு பங்கைக் கொண்டுவந்து வைத்தனர். தமிழ் தெரியாதாகையால் ஒன்றும் பேசவில்லை.

பேசாததும் நன்றே. துன்புற்றோரிடம் சென்று, "இது உன் பாவத்தின் பலன்" என்றோ, "எல்லாம் நன்மைக்கே" என்றோ சொல்லுதல் சுமப்பதாகாது, சுமையைக் கூட்டுவதாகும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாய் உடன் அமர்ந்திருந்தவரை ஆறுதலாயிருந்தனர். வாய் திறந்த பின்னரே அவரை வதைத்தனர்.

வாய் வராமை விசுவாசம் இழந்ததற்கு அடையாளமன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் 1896ஆம் ஆண்டு பாஸ்கா காலந்தொட்டு, 1897 செப்டம்பர் 30இல் இறக்கும்வரை, விண்ணகம் உண்டோ என ஐயுறச் செய்யும் இருளில் இருந்தார். அவ்விருளில் அவர் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உணர்வில் வற்றியிருந்தும் பற்றி நிற்பதும் விசுவாசமே.

அந்தத் தொழிலாளிக்குக் கை திரும்ப வளரவில்லை. இழப்பீடாகக் கிடைத்தது கேட்டதில் ஒரு பகுதியே. இடக்கையால் எழுதப் பழகி, ஓர் எடைமேடையில் கணக்கு எழுதுகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, முழங்காலளவு நீரில் கஞ்சிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து, பிள்ளை பெற்ற ஒருத்தியின் வீட்டுக்கு அம்மையார் செல்வதைக் கண்டோம். அன்றிரவு அங்கே செபமாலையைத் தொடங்கியவரும் அவரே. "இப்போதும் சில நாள் வாய் வருவதில்லை சாமி. அப்போது பாட்டியம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்கிறார்.

ஆகவே, அன்பர்களே, துன்பம் அமிழ்த்தும் நாளில் கதவை அடைத்துக்கொள்ளாதீர்கள். செபிக்க முடியவில்லை என்பதை உங்கள் அன்பியத்தாரிடமும் பங்குத் தந்தையிடமும் சொல்லுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் சும்மா அமர்ந்திருந்தாலும் போதும். சபை உங்களுக்காகவும் செபிக்கும். துன்பமில்லா நாளிலோ, உங்கள் தெருவில் எந்த வீட்டில் செபம் நின்றுபோயிருக்கிறது எனத் தேடுங்கள். இன்றிரவு குடும்ப செபத்தில் அவ்வீட்டாரின் பெயரைச் சொல்லுங்கள். நாளை ஒரு படி அரிசியோடு அவர்கள் வாசலுக்குச் செல்லுங்கள்.

சிலுவையடியில் ஒரு சொல்லும் பேசாது நின்ற தேவதாய், பழவேற்காட்டில் மகிமை மாதாவாக வீற்றிருந்து இப்பகுதி மக்களைக் காப்பவர், உங்கள் இல்லங்களையெல்லாம் தம் திருமகனிடம் சுமந்து செல்வாராக.