வாழைத்தார் லாரியும் காருகுறிச்சியார் தட்டும்

ஊசி இறங்கி ஆலாபனை தொடங்கியதுதான் தாமதம், வாசலில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று போனது. ஸ்பீக்கருக்குள்ளிருந்து 'தும்' என்று ஒரு சத்தம். நாகஸ்வரம் அதற்குள் முங்கி எழுந்தது.

"கேட்டியளா?" என்றார் அண்ணாச்சி. "லாரி ரோட்டுலதான் போவுது. ஆனா பாட்டுக்குள்ள வந்துட்டுப் போவுது. மொதல்ல இத வெளிய தள்ளணும், தம்பி."

களக்காடு சத்தியவாகீசுவரர் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவர் வீடு. பின்கட்டில் நின்றால் மலை முகத்துக்கு நேரே நிற்கிறது. சுற்றுவட்டாரக் கோவில் கொடைகளுக்கு முப்பது வருஷத்துக்கும் மேலாக ரேடியோ செட் போட்டவர். இப்போது பையன்கள் பென் டிரைவில் ஓட்டுகிறார்கள். திண்ணையில் ஸ்பீக்கர் குழாய்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. பிளேயர்களை மட்டும் அவர் விடவில்லை. நான் போனதே அதற்காகத்தான். அப்பாவின் பழைய கரார்ட் பிளேயரையும், அவர் உயிராக வைத்திருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

காருகுறிச்சி இங்கிருந்து அதிக தூரமில்லை, சேரன்மகாதேவிப் பக்கம். 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அந்த மனிதரின் வாசிப்பு, 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தால் டீக்கடை வரைக்கும் போனது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். அப்படிப்பட்டவர் என் வீட்டுப் பிளேயரில் சளி பிடித்தவர் போல வாசித்துக்கொண்டிருந்தார். தட்டு தேய்ந்துவிட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அண்ணாச்சி முதலில் செய்த சோதனை எனக்குப் புதிது. மோட்டாரை நிறுத்தினார். அசையாமல் நிற்கும் தட்டின் மேல் ஊசியை வைத்தார். ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தைப் பாதிவரை கூட்டிவிட்டு, மேஜையை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். ஸ்பீக்கர் கதவைத் தட்டுவதுபோல் அதிர்ந்தது. தரையில் கால் மாற்றி வைத்தார், அதுவும் கேட்டது. "தட்டு சுத்தல, பாட்டு இல்ல. இப்ப கேக்குறது பூராவும் பாட்டோட கலக்குற குப்பை" என்றார்.

அதன் காரணத்தை யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. எல்.பி. தட்டின் பள்ளம் ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. ஒரு பக்கம் 22 நிமிஷம் ஓடினால் தட்டு 733 சுற்று சுற்றுகிறது. அந்தப் பள்ளத்தை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 470 மீட்டர் வரும். அவ்வளவு தூரமும் ஊசி அந்தச் சுவர்களின் நெளிவை மட்டும் படிக்க வேண்டும். மேஜை நடுங்கினால் அதையும் சேர்த்துத்தான் படிக்கும். மெல்லிய ஸ்வரங்களுக்கான நெளிவு, லாரி உண்டாக்கும் நடுக்கத்தைவிடச் சின்னது.

அவர் வைத்தியம் எளிமையானது. அடுப்படி மேடை போட்டதில் மிஞ்சிய கடப்பா கல் துண்டு ஒன்று. அதன் கீழே பிள்ளைகள் சைக்கிளின் பழைய ட்யூப், பாதிக் காற்றோடு. கல்லின் மேல் பிளேயர். கனம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், காற்று அதை மேலே விடாது. கல்லை மட்டும் வைத்தால் போதாதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கல்லை விளிம்பில் பிடித்துத் தூக்கிச் சுண்டினார். கிணீர் என்றது. நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்துத் தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்குக் கல் பாடும் என்பது தெரியும். அடியில் ரப்பர் இல்லாவிட்டால் இந்தக் கல்லும் தன் பங்குக்குப் பாடும்.

பிறகு கொத்தனார் ரசமட்டத்தைத் தட்டு சுழலும் மேடையின் மேல் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. ட்யூப் மேல் கல்லை நகர்த்தி நகர்த்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவரக் கால் மணி நேரம் ஆனது.

அடுத்தது எடை. நான் வெகுநேரம் நின்று பார்த்தது இதைத்தான். ஐஸ் குச்சி ஒன்றின் நடுவில் குண்டூசியை அச்சாகக் கொடுத்து, சின்னச் சீசா போலச் செய்து வைத்திருக்கிறார். 1988-இல் வந்த எவர்சில்வர் பத்து பைசாவின் எடை சரியாக 2 கிராம். குச்சியின் ஒரு முனையில் அந்தக் காசு, அதே தூரத்தில் மறுமுனையில் ஊசி. என் பிளேயரில் இருப்பது காந்த கார்ட்ரிட்ஜ். அதற்கு 2 கிராமை ஒட்டிய பாரம் போதும். ஊசியை இறக்கியதும் குச்சி மடாரென்று சாய்ந்தது. இன்னொரு பத்து பைசா வைத்தார். அப்போதும் ஊசிப் பக்கமே கீழே இருந்தது.

"பாட்டா வாசிச்சிருக்கு? உழுதுல்லா இருக்கு" என்றார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான். ஊசியைத் தாங்கும் பிளேயர் கையின் பின்புறத்து எடைக்கட்டியை மயிரிழை மயிரிழையாகத் திருகி, குச்சி நேராக நிற்கும் வரை விடவில்லை. பாரம் குறைந்தாலும் கெடுதல் என்பதை அழுத்திச் சொன்னார்: ஊசி பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரை இடிக்கும். தாண்டும் தட்டுக்கு ஊசித் தலையில் நாலணாவை ஒட்டுகிற பழக்கம் நம் ஊர்களில் நெடுநாள் இருந்தது. எத்தனை நல்ல தட்டுகள் அதனால் பாழாயின என்று நினைக்கவே மனசு வலிக்கிறது.

வேகம் பார்க்க 180 கோடுகள் போட்ட வட்டக் காகிதம். ஸ்விட்ச் போர்டில் சிவப்பாக எரியுமே, அந்த நியான் இண்டிகேட்டர்தான் விளக்கு. நம் மின்சாரம் 50 சைக்கிள் என்பதால் அது நொடிக்கு நூறு தடவை மினுக்கும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நின்றாற்போல் தெரியும். என்னுடையவை பின்னோக்கி நகர்ந்தன. நூற்றுக்கு ஆறு குறைந்தால் சுருதி அரை ஸ்வரம் இறங்கிவிடும். என் பிளேயரில் அந்த அளவுக்கு இல்லையென்றாலும் காது மந்தமாக உணர்ந்ததில் பாதிக் காரணம் இதுதான். அச்சில் எண்ணெய் காய்ந்து மெழுகாகியிருந்தது. துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். மேடையைச் சுழற்றும் ரப்பர் சக்கரத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார். அதன் மேல் எண்ணெய் பட்டால் வழுக்கும்.

தட்டைக் கழுவ, பேட்டரி கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரும் ஒரு சொட்டு சோப்பும். நகைப் பெட்டியின் வெல்வெட்டை மரக்கட்டையில் ஒட்டிச் செய்த தேய்ப்பான். நடுவிலுள்ள லேபிளில் ஈரம் படாமல் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தார். ஸ்பிரிட்டை இதற்கும் தொடலாமா என்றேன். எல்.பி. ஓரளவு தாங்கும், பழைய 78 தட்டுக்குக் காட்டவே கூடாது என்றார். அது அரக்குத் தட்டு. ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும்.

எல்லாக் கைவேலையும் பலிக்கவில்லை. மேடை விரிப்பாகப் பத்தமடைப் பாயை வட்டமாக வெட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். கோரையின் மேடுபள்ளத்தில் தட்டு சரியாகப் படியவில்லை. லாரிப் பட்டறையில் கேஸ்கெட்டுக்கு வெட்டும் கார்க் ஷீட்தான் இப்போது. விரிப்பின் கனம் மாறினால் கையின் உயரத்தையும் பார்க்க வேண்டும், கை தட்டுக்கு இணையாக ஓட வேண்டும். விரிப்பால் வரும் வித்தியாசம் என் காதுக்குக் கொஞ்சம்தான் பட்டது. காசு செலவழித்து விரிப்பு மாற்றுகிறவர்கள் முதலில் எடையையும் மட்டத்தையும் பார்த்தால் நல்லது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி ஊசியை இறக்கினார். அதே தட்டு, அதே ஸ்பீக்கர். காருகுறிச்சியார் மூச்சு வாங்கும் இடம் கேட்டது. தவிலின் தொப்பி வலந்தலையிலிருந்து பிரிந்து தனியாக ஒலித்தது. கார்வையில் நிற்கும்போது ஸ்வரம் ஆடவில்லை. அப்பா எதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார் என்று முதல் தடவையாகக் காதுக்குப் பிடிபட்டது.

வாசலில் மறுபடி லாரி. தரையில் என் பக்கத்தில் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தேன். நாகஸ்வரம் தன் போக்கில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறிப் போய் அங்கேயே நின்றது.

அண்ணாச்சி லாரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு, விளிம்பை மட்டும் உள்ளங்கைகளால் பிடித்துத் தட்டைத் திருப்பிப் போட்டார். "உக்காருங்க தம்பி, ஏழு மணிக்குத்தான பஸ்ஸு."