மூன்று போட்டியிலும் தோற்ற பென்குயின்... லினக்ஸின் முகமாக மாறிய கதை!

கல்யாணப் பத்திரிகைக்கு அட்டை தேர்வு செய்யும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிள்ளையார் படம் வேண்டும். பெண்ணுக்கு மயில் பிடிக்கும். சித்தப்பா 'பச்சை மட்டும் வேண்டாம்' என்பார். அதுவரை வாயே திறக்காத அத்தை, பிரஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் 'எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே' என்று ஆரம்பிப்பார்.

பத்துப் பேர் இருக்கும் வீட்டிலேயே இந்தப் பாடு. உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கும், ஒருவரையொருவர் நேரில் பார்த்தேயிராத ஆட்கள் கூடி ஒரு லோகோவை முடிவு செய்ய வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

1996-ல் லினக்ஸுக்கு அதுதான் நடந்தது.

'லினக்ஸா... அது கம்ப்யூட்டர்காரங்க சமாசாரம்' என்று நகர்ந்துவிட வேண்டாம். நீங்கள் கையில் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடியில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸ் கெர்னல்தான். கேமரா, மெமரி, டச் ஸ்கிரீன் என்று போனின் உறுப்புகளையும் அதிலுள்ள ஆப்களையும் இணைத்து வேலை வாங்கும் மையப் பகுதி அது. உலகின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர்கள் 500-ஐ வரிசைப்படுத்தும் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையிலும் ஓடுவது லினக்ஸ்தான். இவ்வளவு பெரிய ஆளுக்கு அடையாளம், தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பென்குயின்!

பெயர் வைத்ததும் வேறொருவர்!

1991 ஆகஸ்ட்டில், பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு 21 வயது. பொழுதுபோக்குக்காகச் செய்வதாகத்தான் சொன்னார். அதற்கு அவர் மனதில் வைத்திருந்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. அதை மற்றவர்கள் டவுன்லோடு செய்ய சர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவராகவே ஃபோல்டருக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். அதுவே நிலைத்தது.

ஐந்து வருடம் கழித்து, 2.0 என்ற பெரிய வெர்ஷன் வெளிவரத் தயாரானது. அதற்குள் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து கோடு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தாகிவிட்டது. தேருக்கு ஒரு கொடி வேண்டுமே! ஒரு கம்பெனி என்றால் எம்.டி விளம்பர ஏஜென்சியைக் கூப்பிடுவார். நாலு டிசைன் வரும், ஒன்றை டிக் அடிப்பார், வேலை முடிந்தது. இங்கே எம்.டி கிடையாது, ஏஜென்சிக்குக் கொடுக்கப் பணமும் கிடையாது. இருந்ததெல்லாம் ஆளுக்கொரு கருத்து.

சுறா வேண்டும் என்றார்கள். கழுகு கம்பீரமாக இருக்கும் என்றார்கள். போட்டி நிறுவனங்களின் லோகோவைக் கிண்டலடித்துப் படம் போடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. இந்த அமளிக்கு நடுவே, தனக்குப் பென்குயின் பிடிக்கும் என்று லினஸ் போகிறபோக்கில் சொன்னார்.

காரணம் ஒரு கடி. சில வருடங்களுக்கு முன் ஆஸ்திரேலியா போயிருந்தபோது, கான்பெரா உயிரியல் பூங்காவில் ஒரு குட்டிப் பென்குயின் அவர் விரலைக் கொத்தியது. ஒரு அடி ஸ்கேல் உயரமே வளரும் இனம் அது. 'கொலைகாரப் பென்குயின் கடித்துவிட்டது' என்று லினஸ் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கடித்ததிலிருந்து ராத்திரி படுத்தால் பென்குயின் நினைப்பாகவே இருக்கிறது என்றும் ஜோக்கடிப்பார்.

வயிறு நிறைந்த பென்குயின்

ஆனால், எந்தப் பென்குயின்? பூமி உருண்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பயில்வான் பென்குயினைச் சிலர் யோசித்தார்கள். லினஸுக்கு அது ஒப்பவில்லை. 1996 மே மாதம், தனக்கு வேண்டியது எது என்று ஒரு மின்னஞ்சலில் விலாவாரியாக எழுதினார். வயிறு முட்ட மீன் தின்றுவிட்டு, ஒரு ஏப்பமும் விட்டு, 'அப்பாடா' என்று உட்கார்ந்திருக்கும் பென்குயின் வேண்டும். கொஞ்சம் குண்டாக, பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோன்றுவதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அப்படியொன்றை வரைந்தவர், அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்த லாரி யூயிங். இவர் ஒரு புரோகிராமர். வரைவதற்கு அவர் எடுத்துக்கொண்டது 'ஜிம்ப்' என்ற இலவச சாஃப்ட்வேர். ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் உருவாக்கி, அப்போதுதான் வெளியே வந்திருந்தது. லினக்ஸைப் போலவே அதுவும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற வகை. முதலில் கறுப்பு வெள்ளையில் கோட்டோவியம், பிறகு வண்ணம். மஞ்சள் அலகு, மஞ்சள் பாதம், வெள்ளைத் தொப்பை, முகத்தில் சாப்பிட்டு முடித்த திருப்தி.

ஜேம்ஸ் ஹியூஸ் என்பவர் அதற்கு 'டக்ஸ்' என்று பெயர் வைத்தார். டோர்வால்ட்ஸ், யுனிக்ஸ் என்ற இரண்டு பெயர்களிலிருந்தும் எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்தது அது. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை போடும் கறுப்பு 'டக்சிடோ' கோட்டையும் நினைவுபடுத்தியதால் பென்குயினுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. லினக்ஸ் லோகோவுக்காக மூன்று போட்டிகள் நடந்தன. டக்ஸ் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் டக்ஸை லினக்ஸின் 'லோகோ' என்று சொல்வதில்லை, 'மாஸ்காட்' என்கிறார்கள்.

ஜெயித்த படங்கள் என்ன ஆயின? இன்று எத்தனை பேருக்கு அவை ஞாபகம் இருக்கும் என்பதே சந்தேகம்தான். டக்ஸோ டி-ஷர்ட்டில், காபி கப்பில், புத்தக அட்டையில், மாணவர்களின் லேப்டாப் ஸ்டிக்கரில் என்று போகாத இடமில்லை. லினக்ஸ் கணினி பூட் ஆகும்போது திரையின் மூலையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கணினியில் எத்தனை புராசசரோ, வரிசையாக அத்தனை பென்குயின்!

யாராவது கேட்டால் மட்டும்

தோற்ற படம் எப்படி ஊர் சுற்றியது? பென்குயின் அழகு என்பது பாதிப் பதில். மீதிப் பதில், லாரி யூயிங் வைத்த நிபந்தனையில் இருக்கிறது. இந்தப் படத்தை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். யாராவது கேட்டால் தன் பெயரையும் ஜிம்ப் பெயரையும் சொன்னால் போதும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

'யாராவது கேட்டால்' என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். மூலையில் பெயர் பொறிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. காசும் கேட்கவில்லை. அதனால், பிடித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொப்பி போட்டார்கள், கண்ணாடி மாட்டினார்கள், கையில் எதையாவது கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்று சேர்க்கச் சேர்க்க, அது எல்லோருடைய பென்குயினும் ஆகிவிட்டது.

வாக்கெடுப்பு தப்பு என்பதல்ல. 'டெபியன்' என்ற இன்னொரு லினக்ஸ் குழு, 1999-ல் முறையாகப் போட்டி வைத்துத்தான் தன் லோகோவைப் பிடித்தது. ரவுல் சில்வா வரைந்த சிவப்புச் சுழி அது. அதில் இரண்டு வடிவங்கள்: எல்லோரும் பயன்படுத்த ஒன்று, அதிகாரபூர்வமான வேலைகளுக்கு ஒன்று. சரி, முடிந்தது என்று பார்த்தால், இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பத்திரிகை அட்டை முடிவானபின் அத்தை வாய் திறந்த கதைதான்! ஆனாலும் அந்தச் சுழி இன்றுவரை நிலைத்து நிற்கிறது. அங்கேயும், எல்லோரும் எடுத்துக்கொள்ள ஒரு வடிவத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

வாக்கு ஒரு நாளோடு முடிந்துவிடும். ஒருவர் அந்தப் படத்தை விரும்பித் தன் லேப்டாப்பில் ஒட்டிக்கொள்வதும் ஒரு வாக்குதான். அந்த வாக்குப்பதிவு தினமும் நடக்கிறது. டக்ஸ் ஜெயித்தது அதில்தான்.

லீவு எடுத்த பென்குயின்

2009 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள ஹோபார்ட்டில் லினக்ஸ் மாநாடு நடந்தது. அந்தத் தீவுக்கே உரிய விலங்கான டாஸ்மேனியன் டெவில், அப்போது முகத்தில் வரும் ஒருவிதத் தொற்றுப் புற்றுநோயால் வேகமாக அழிந்துகொண்டிருந்தது. மாநாட்டுக்கு வந்தவர்கள் அதைக் காப்பாற்ற நிதி திரட்டினார்கள். அதற்காக பிடேல் கார்பி என்ற டெவலப்பர் தன் நீண்டகாலத் தாடியை எடுக்கச் சம்மதிக்க, லினஸே அதை மழித்துவிட்டார்.

அந்த மாநாட்டின் சின்னம் 'டஸ்'. மூக்கின் மேல் பொய்யாக ஒரு பென்குயின் அலகைக் கட்டிக்கொண்ட டாஸ்மேனியன் டெவில்! அந்த மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 2.6.29 வெர்ஷனில், அழியும் விலங்கின் பக்கம் உலகத்தின் கவனத்தைத் திருப்ப, டக்ஸ் தன் நாற்காலியை டஸ்ஸுக்கு விட்டுக்கொடுத்தது.

எந்த நிறுவனமாவது தன் லோகோவுக்கு இப்படி லீவு கொடுக்குமா? ஒரு புள்ளி நகர்ந்தாலே வக்கீல் நோட்டீஸ் வரும். டக்ஸால் அது முடிந்தது. வரைந்தவர் அதைத் தன் சொத்தாகப் பூட்டி வைக்காததால், அடுத்தவர் அதைத் தனதாக நினைத்து விளையாட முடிந்தது.

அடுத்த முறை எங்காவது அந்தக் குண்டுப் பென்குயினைப் பார்க்கும்போது, 'இது யார் வரைஞ்சது?' என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். லாரி யூயிங் என்று சொல்லுங்கள். ஜிம்ப்பில் வரைந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்ட கூலி அவ்வளவுதான்.