மங்கலாய் ஒலித்த மெய்

அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எல்லிங்டனின் கச்சேரிப் பதிவுகளை நாம் தேடிச் சேர்ப்பது கண்டு, “ஒரே உருப்படியை எத்தனை முறைதான் கேட்பீர்?” என நண்பர்கள் நகைப்பர். ஒன்றுபோல் மற்றொன்று இராததே காரணம்.

1956 ஜூலை 7ஆம் நாளிரவு நியூபோர்ட் விழாவில், அவர் குழுவின் பால் கோன்சால்வ்ஸ் சாக்சபோனில் 27 சுற்று இடைவிடாது வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடிற்று. அவ்வாண்டே வெளிவந்த இசைத்தட்டைப் பல்லாண்டு போற்றினோம். அவ்வாசிப்பு மட்டும் எங்கோ தொலைவில் மங்கி ஒலிக்கும். பதிவின் குறையென்றே பேசிவந்தோம்.

1999இல் வந்த மறுபதிப்பு உண்மையை உடைத்தது. அவர் வாசித்தது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் ஒலிவாங்கி முன்னால்! அவ்வானொலியின் நாடா கிடைக்கவே, இரு நாடாக்களையும் இணைத்துவிட்டனர். அது மட்டுமன்று, பழைய தட்டில் பெரும்பகுதி பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்துக் கைதட்டல் சேர்த்ததாம். தெளிவென நாம் மெச்சியவற்றுள் பல செய்துவைத்தவை. மங்கலெனக் குறைகூறிய 27 சுற்றோ மேடையில் நிகழ்ந்தவை.

அறிவிப்புகளை ஒப்புநோக்கிய ஹதீஸ்கலை இமாம்களின் உழைப்பு நினைவில் எழுந்தது. (இசையோடு அதனைச் சேர்த்து எண்ணியமைக்குப் பெரியோர் பொறுத்தருள்க.)

பழைய தட்டை நாம் எறியவில்லை. புதியதன் அருகிலேயே இருக்கிறது.