மலைக்குப் போகுமுன்

வன்னி மண்ணில் பிறந்தவனுக்கு மலை என்பது பாடப் புத்தகத்தில் உள்ள ஒரு படம். எங்கள் ஊரில் மிக உயரமான இடம் எது என்று கேட்டால், சிறு பிள்ளையும் குளக்கட்டைத்தான் சுட்டிக்காட்டும். இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் ஒருபுறம் நீர்ப்பரப்பும், மறுபுறம் வயல்வெளியும், அதற்கு அப்பால் காடும் தெரியும். எங்கள் கண்ணுக்கு எட்டிய உயரம் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் செய்துவரும் நான், உயர்தர வகுப்பு மாணவர் இருபத்துநால்வரைச் சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன். மலையின் உயரம் 2,243 மீற்றர். பழைய கணக்கில் 7,359 அடி. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையுள்ள காலத்தில் நான்கு சமயத்தவரும் அதில் ஏறுகிறார்கள். நாங்கள் மாசி மாதத்தில், நல்லதண்ணிப் பக்கமாக, இரவில் ஏறி விடியலில் உச்சியை அடைய வேண்டும். அடிவாரத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வர இசைந்தார். பருவகாலத்தில் மலைக் கடைகளுக்கு மூட்டை சுமப்பதும், மற்ற நாட்களில் தோட்டத்தில் கூலி வேலை செய்வதும் அவருடைய தொழில்.

ஆயத்தம் என்றால் உடலை ஆயத்தம் செய்வதுதான் என்று முதலில் எண்ணினேன். வகுப்பில் கரும்பலகையில் மலையை வரைந்து, மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் எவ்வாறு குறைகிறது என்று விளக்கினேன். அந்த உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வீதம் வெப்பமும் குறையும். ஆகவே எங்கள் ஊரைவிட அங்கே பதினான்கு பாகை குளிர் கூடுதல். தண்ணீர்கூட நூறு பாகைக்குக் காத்திராமல் ஏறத்தாழ தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும். மலைநோய் என்று சொல்லப்படும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்கும். ஆதலால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் மூச்சு வாங்கும், அதற்குப் பழக வேண்டும் என்றேன்.

“படி ஏறிப் பழக எங்கடை ஊரிலை படி எங்கை சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேள்வியோ நியாயமானது. பாடசாலையின் மாடிக் கட்டடத்தில் இருபத்திரண்டு படிகள் உள்ளன. நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 5,500 படிகள். அவளே கொப்பியின் ஓரத்தில் வகுத்துப் பார்த்து, “இருநூற்றைம்பது தரம் ஏறோணும் சேர்” என்றாள். அன்றே அவளை எங்கள் பயணத்தின் கணக்குப்பிள்ளை ஆக்கினேன்.

மறுநாள் தேவையான பொருட்களின் பட்டியலை ஒட்டினேன். நல்ல சப்பாத்து ஒரு சோடி, கம்பளிச் சட்டை, மழையங்கி, கைவிளக்கு, முதுகுப்பை, பயணச் செலவுக்கு ஏழாயிரம் ரூபா. பட்டியலில் தவறான பொருள் ஒன்றுமில்லை. மலையேற்றம் தெரிந்த எவரும் அதைத்தான் எழுதுவார்கள். ஒரு வாரத்தில் பெயர் கொடுத்தவர்களில் நான்கு பேர் விலகிவிட்டார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு வீட்டில் விசேஷம், ஒருவனுக்கு மலையென்றால் பயம். கணக்குப்பிள்ளைக்கோ படிக்க நிறைய இருந்தது.

நான்கு பேரும் ஒரே குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் என்பது அன்று மாலை வரவு இடாப்பைப் புரட்டியபோதுதான் என் கண்ணில் பட்டது. அந்தக் குடியிருப்பு எங்கள் ஊரின் மேட்டுநிலத்தில் இருக்கிறது. மேடு என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டில் ஒரு தனிப் பொருள் உண்டு. குளத்து வாய்க்காலின் நீர் ஏறாத இடம் மேடு. 1970களில் தோட்டங்களில் ஏற்பட்ட பஞ்சமும், 1977ஆம் ஆண்டின் வன்செயலும் மலையகத்திலிருந்து துரத்திய குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய இடங்களில் அதுவும் ஒன்று. நீர் பாயும் வயல்களில் அவர்கள் நாற்று நட்டார்கள், களை பிடுங்கினார்கள், அருவி வெட்டினார்கள். ஆனால் அந்த வயல்கள் அவர்களுடையவை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குச் சென்றேன். தந்தை வேலைக்குப் போயிருந்தார். அவளுடைய பாட்டி, எழுபத்தைந்து வயதைக் கடந்தவர், முற்றத்தில் பாய் விரித்து என்னை இருக்கச் சொன்னார்.

“புள்ளைக்கு ஆசை இல்லாம இல்ல மாஸ்டர். சப்பாத்தும் சட்டையும் காசும் சேர்த்தா எங்க வீட்டுல ஒரு மாசத்துக் கூலியில பாதி. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு படிப்புன்னு சொல்லியிருக்கா.”

வெட்கப்பட வேண்டியவன் நான்தான். பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றி ஒரு வாரம் யோசித்தவன், அவர்களுடைய அடுப்பைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

பாட்டி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, எதிரே அந்த மலை கூர்மையாக நிற்குமாம். இருபத்தேழு வயதுவரை நாள்தோறும் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் ஏறியதில்லை. “ஏறுறதுக்கு ஒரு ராத்திரி வேணும், தூங்குறதுக்கு ஒரு பகல் வேணும். பேர் போட்டாத்தானே சம்பளம்?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம் என்னைத் தொடர்ந்தது. நமது நாட்டில் மலைக்குச் செல்லும் நடைப்பயணத்தின் வரலாறு உல்லாசப் பயணிகளிடமிருந்து தொடங்கவில்லை. 1820களில் கோப்பிச் செய்கை தொடங்கியபின், தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட ஏழை உழவர் குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டினூடாக மாத்தளையை நோக்கி நடந்தன. அவர்களுக்கும் வழிகாட்டி இருந்தார், அவர் கங்காணி. அவர்களுக்கும் சுமை இருந்தது. அதில் சட்டிபானையும் கைக்குழந்தையும் இருந்தன. வழிச்செலவுகூட அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது. சமவெளியில் வாழ்ந்த அந்த மக்களைக் குளிருக்கும் உயரத்துக்கும் எவரும் ஆயத்தம் செய்யவில்லை. பேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியிலேயே பிரித்தன. அந்த வருகையின் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி, 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அதே திசையில் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

அவர்களுடைய உழைப்பால் மலைச்சரிவுகள் பச்சைப் பொன்னாயின. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று மனிதர்களைத் தானியம்போல் அளந்து பிரித்தது. பின்பு பஞ்சமும் வன்செயலும் ஒரு பகுதியினரை மலையிலிருந்து இறக்கி எங்கள் வன்னிக்கு அனுப்பின. இங்கே வந்தபின்னும் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் அவர்களை விடவில்லை. அந்தச் சொல்லை வெள்ளைத் துரை சொல்லவில்லை; பேரினவாதி சொல்லவில்லை. நாமே சொன்னோம். சொல்லாதவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

மறுநாள் பட்டியலைக் கிழித்தேன். மாணவர்களைக் கூட்டி, புதிய ஆயத்தம் என்ன என்று பேசினோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று எவருக்கும் தெரியாதபடி ஒரு பொதுப் பெட்டி. பழைய மாணவர்களிடமிருந்து பெற்ற சப்பாத்துகளையும் சட்டைகளையும் ஒரே குவியலாகப் போட்டு, அளவுக்கேற்ப எல்லாரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வது. புதுச் சப்பாத்து வைத்திருந்த பையன்கள் இருவரும் அவற்றைக் குவியலில் போட்டார்கள். விலகிய நால்வரும் திரும்பி வந்தார்கள். காய்ச்சல் மாறிவிட்டது, விசேஷம் தள்ளிப்போய்விட்டது, பயம் தெளிந்துவிட்டது. நாங்களும் காரணம் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் ஒரு நண்பர், “அந்த நாலு பேருக்கும் பயிற்சி தேவையில்லை, மலை அவங்கடை இரத்தத்திலை இருக்கு” என்று சிரித்தார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் இத்தகைய பாராட்டுக்குள்ளேதான் பழைய இழிவு ஒளிந்திருக்கிறது. திபெத்திய உயர்நிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மக்களின் உடலில் உயரத்துக்கேற்ற மாற்றங்கள் பரம்பரையாக வந்திருப்பதை விஞ்ஞானம் கண்டிருக்கிறது. தேயிலைத் தோட்டங்களின் இருநூறு ஆண்டுகளோ அதற்குப் போதா. அந்தத் தோட்டங்களின் உயரமும் போதாது. வன்னியில் பிறந்த பிள்ளைக்கு, பாட்டி எங்கே பிறந்திருந்தாலும், வன்னிப் பிள்ளையின் மூச்சுத்தான். மேலும், 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் உச்சியில் கால்வைத்த டென்சிங், 1935இல் அந்த மலைக்குக் கூலிச் சுமையாளராகவே முதலில் அமர்த்தப்பட்டவர். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளின் பயிற்சியை இரத்தத்தின் கணக்கில் எழுதுவது, உழைப்பைத் திருடுவதாகும்.

இவ்வாறு ஆறு வாரப் பயிற்சி தொடங்கிற்று. சனி, ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் குளக்கட்டில் நடை. முதல் வாரம் நான்கு கிலோமீற்றர், ஆறாம் வாரம் பன்னிரண்டு. பின்பு குளக்கட்டின் சரிவில் ஏறி இறங்குதல். வார நாட்களில் மாடிப்படி. கணக்குப்பிள்ளை சுண்ணக்கட்டியால் சுவரில் கோடு போட்டு எண்ணினாள். இறக்கம்தான் முழங்காலை வருத்தும் என்பதால், மெதுவாக இறங்கவும் பழகினோம். நடக்கும்போது ஒரு முழு வசனத்தைத் தடங்கலின்றிச் சொல்ல முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இழுப்பு நோய் உள்ள ஒரு மாணவனை வைத்தியரிடம் காட்டி, அவர் எழுதிய மருந்தைப் பையின் வெளி அறையில் வைத்தோம். குவியலில் எடுத்த சப்பாத்தை எல்லாரும் அன்றே அணியத் தொடங்கினார்கள். காலுக்குப் பழகாத சப்பாத்து மலையில் பகைவனாகும்.

ஒரு ஞாயிறு, பாட்டியே குளக்கட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் சரிவில் ஓடி ஏறுவதைப் பார்த்து, “இப்படி ஏறினா பாதி மலையில ஒக்காந்துடுவீங்க. சின்ன அடியா வையுங்க. முழுப் பாதமும் மண்ணுல படணும். கொழுந்துக் கூடையோட நாங்க அப்படித்தான் ஏறுவோம்” என்றார். நான் புத்தகத்தில் படித்ததும் அதுவே. அவர் அதை இருபது கிலோ பச்சைக் கொழுந்தைத் தலையில் தாங்கிக் கற்றிருந்தார். அன்றிலிருந்து அவர் சொற்படியே நடந்தோம். மிக மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல வேண்டும், மற்றவர்கள் அவர் பின்னே என்பது நாங்கள் சேர்த்துக்கொண்ட விதி.

எல்லாம் இலகுவாக முடியவில்லை. ஒரு மாணவனின் தாயார் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தார். “நாங்கள் நடந்தது போதாதே சேர்?” என்று கேட்டார். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை, கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, அந்த மகனை வயிற்றிலும் பின்பு தோளிலும் சுமந்து நடந்தவர் அவர். அவருக்கு என்ன விடை சொல்ல முடியும்? சிறிது நேரம் பேசாதிருந்தேன். பின்பு எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “அம்மா, அது துரத்தப்பட்டு நடந்தது. இது நாங்களாக விரும்பி நடக்கிறது. ஆறு கிழமை ஆயத்தம் செய்து, எப்ப திரும்பி வருவம் எண்டும் தெரிஞ்சு நடக்கிறம்.” அவர் உடனே கையெழுத்திடவில்லை. இரண்டு நாட்களின் பின் மகன் கடிதத்தைக் கொண்டுவந்தான்.

அந்தத் தாய்க்குச் சொன்ன விடையைத்தான் இந்தக் கட்டுரையிலும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் மக்கள், மேட்டுநிலத்தவரும் வயல்நிலத்தவரும், மிகுதியாக நடந்தவர்கள். ஆயினும் ஆயத்தம் செய்ய அவகாசம் பெற்று நடந்ததில்லை. ஆயத்தம் என்பது ஓர் உரிமை. காலுக்குச் சப்பாத்து, கைக்கு விளக்கு, நோய்க்கு மருந்து, திரும்பிவர ஒரு நாள் என்பவை எல்லாம் யாருக்குக் கிடைக்கின்றனவோ, அவர்கள்தாம் சுதந்திரமாக நடக்கிறார்கள். அவை சிலருக்கு மட்டும் கிடைக்கும் சமுதாயத்தில், மற்றவர்கள் இன்னும் கங்காணியின் பின்னால்தான் நடக்கிறார்கள்.

வழிகாட்டும் இளைஞரின் கூலியைப் பேரம் பேசாமல், அவர் கேட்டபடியே கொடுப்பதென்று மாணவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். எங்கள் பைகளை அவர் சுமக்கக் கூடாது என்பதும் தீர்மானம். தோட்டத்து நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில்தான் ஆயிரம் ரூபாவைத் தொட்டது என்பதை அவர்கள் இப்போது அறிவார்கள்.

நாளை இரவு பஸ் புறப்படுகிறது. பெயர்ப் பட்டியலில் இருபத்துநான்கு பெயர்கள் இருக்கின்றன. சுவரில் இருநூற்றைம்பதாவது கோடும் போட்டாகிவிட்டது. இன்று மாலை பாட்டி, மலையிலிருந்து இறங்கியபோது கொண்டுவந்த பழைய கம்பளியை மடித்து, பேத்தியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஓரங்கள் நைந்து போயிருந்தாலும் நடுப்பகுதி இன்னும் கனமாகவே இருக்கிறது. கூடவே ஒரு வேலையும் சொல்லியிருக்கிறார்.

“விடிஞ்சதும் கீழே பாரு. நம்ம லயம் அங்கேருந்து தெரியுதான்னு வந்து சொல்லு.”