பெருநாள் அன்பளிப்பும் ஆறடுக்கு வீடும்



சென்ற நோன்புப் பெருநாளன்று எங்கள் மகனுக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்தோம். உறையைப் பிரித்தவன் முதலில் மகிழ்ந்தான். பிறகு தாளை இருமுறை படித்துவிட்டு அமைதியானான். "வாப்பா, இதை இப்போது பயன்படுத்த முடியாதே" என்றான்.

நடந்தது இதுதான். அவனுக்கு வயது 16. மெல்போர்னில் இருக்கும் அவனுடைய பெரியும்மா மகன் 'ஃபைனல் ஃபேண்டஸி 14' எனும் இணையவழி ஆட்டத்தைப் பல ஆண்டுகளாக ஆடி வருபவர். "காக்கா டான்ட்ரெயிலில் இருக்கிறார், நானும் அங்கே போக வேண்டும்" என்று இவன் சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டான்ட்ரெயில் என்பதே ஆட்டத்தின் பெயர் என்று எண்ணி, விலை குறைந்திருந்த நாளில் அதை மட்டும் வாங்கிவிட்டோம். எங்களை எவரும் ஏமாற்றவில்லை. அடிப்படைப் பதிப்பு இல்லாமல் இது இயங்காது என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. படிக்காமல் பணம் செலுத்தியவர்கள் நாங்கள்.

எக்ஸ்பான்ஷன் என்றால் அடுத்த ஆட்டம் என்று எங்களைப் போல் நினைக்கும் பெற்றோர் இருப்பீர்கள். அது ஏற்கெனவே இருக்கும் வீட்டின்மேல் எழுப்பும் மாடி. இந்த வீட்டின் அடித்தளத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 2010இல் வெளியான முதல் வடிவம் சரியாக அமையாததால் 2012இல் அதை மூடிவிட்டு, 2013இல் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்று புதிதாகக் கட்டினார்கள். அதன்மேல் 2015இல் ஹெவன்ஸ்வார்ட், 2017இல் ஸ்டார்ம்பிளட், 2019இல் ஷேடோபிரிங்கர்ஸ், 2021இல் எண்ட்வாக்கர், 2024இல் டான்ட்ரெயில் என ஐந்து மாடிகள். ஒவ்வொன்றும் வீரனின் உச்ச நிலையைப் பத்துப் பத்தாக உயர்த்துகிறது: தரைத்தளத்தில் 50, இன்று 100. இங்கே மின்தூக்கி கிடையாது. கதையை வரிசையாக முடித்தால்தான் அடுத்த தளத்தின் கதவு திறக்கும். நாங்கள் வாங்கி வந்தது ஆறாவது தளத்தின் சாவி. பிள்ளை இன்னும் வாசற்படியிலேயே நின்றான்.

அடிப்படைப் பதிப்பையும் வாங்கினால் மாதச் சந்தாவும் பின்னாலேயே வரும். அதைவிட, அதன் பிறகு அந்தக் கணக்கில் இலவச ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. அந்த இலவச ஆட்டமோ சிறியதன்று. 2023 முதல் முதல் மூன்று தளங்களையும், அதாவது 70ஆம் நிலை வரை, கால வரம்பின்றி ஆடலாம். சந்தையில் பொருள் வாங்க முடியாது, தானாகக் குழு அமைக்க முடியாது என்பன போன்ற சில தடைகள் மட்டுமே. புதியவன் எதையும் வாங்கும் முன் அதையே தொடங்க வேண்டும். இதைப் பெருநாள் மாலையில் கற்றுக்கொண்டோம்.

அன்றே தொடங்கினான். சற்று நேரத்தில் அடுக்களைக்கு வந்து, "உம்மா, ஒன்று கேட்க வேண்டும்" என்றான். பாத்திரத்தை உருவாக்கும்போது, அவ்வுலகின் பன்னிரு கற்பனைத் தெய்வங்களுள் ஒன்றைக் காவலாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது திரை. தவிர்க்க வழியில்லை. ஆட்டத்தில் அதனால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை; ஆயினும் அவன் விரல் அங்கே நின்றுவிட்டது.

எங்களுக்குள்ளும் கருத்து ஒன்றுபடவில்லை. கதைப் பொம்மைக்கு வைக்கும் பெயர்தானே என்றார் ஒருவர். பெயராயினும் அதைத் தேர்பவன் நம் பிள்ளையல்லவா என்றார் மற்றவர். இரண்டு நாள் கணினியை மூடி வைத்தோம். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவன் உள்ளத்தில் அதற்கு ஏதேனும் இடமுண்டா என்று அவனிடமே கேட்டீர்களா என்றார். கேட்டிருந்தோம்; இல்லை என்றே தெளிவாகச் சொல்லியிருந்தான். "சரி, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஆடுவான்?" என்றார் அவர். எங்களிடம் விடையில்லை. (அவர் சொன்னதை எல்லோருக்கும் உரிய தீர்ப்பாக நாங்கள் இங்கே வைக்கவில்லை. ஐயமுள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்பதே முறை.)

அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டது. ஆறு தளங்களின் கதையையும் முடிக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் வேண்டும். மகன் ஒரு வழி சொன்னான்: கதையைத் தாண்டிச் செல்லும் அனுமதியைத் தனியாக விற்கிறார்கள், அதை வாங்கினால் காக்கா இருக்கும் இடத்துக்கு நேராகப் போகலாம். பணம் கொடுத்து ஓர் ஆட்டத்தை வாங்கி, அதை ஆடாமலிருக்க மீண்டும் பணம் கொடுப்பதா? எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கோ கண் கலங்கிவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது டான்ட்ரெயில் அன்று, காக்காவின் துணை என்று அப்போதுதான் விளங்கியது.

அன்றிரவே மெல்போர்னுக்குப் பேசினோம். "சாச்சி, அவன் மேலே வர வேண்டியதில்லை, நான் கீழே இறங்குவேன்" என்றார் அவர். உயர்நிலை வீரர் பழைய டஞ்சனுக்குள் நுழைந்தால், அந்த இடத்துக்கு ஏற்ப அவருடைய நிலையை ஆட்டமே குறைத்துவிடுமாம். முதன்முறை வருபவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசும் உண்டு. புதியவனின் பெயரருகே ஒரு சிறு முளை தெரியும். அதைக் கண்டு மூத்தவர்கள் வழிகாட்டுவார்களாம். இவனால் குழு அமைக்க முடியாவிட்டாலும், அவர் அமைக்கும் குழுவில் சேரலாம்.

மிஞ்சியது மஃரிப். டஞ்சனுக்குள் செல்வோர் நால்வர். அடி தாங்குபவர் ஒருவர், காயம் ஆற்றுபவர் ஒருவர், தாக்குபவர் இருவர். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை. விட்டு வெளியேறினால் 30 நிமிடம் மீண்டும் சேர முடியாது. உள்ளே மூன்று பேர் தவிப்பார்கள். ஒரு நாள் பாங்கு ஒலித்தபோது மகன் பாதி வழியில் இருந்தான். காயம் ஆற்றுபவன் அவன்தான். எழுந்திருக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் எங்களைப் பார்த்தான். முடித்துவிட்டு, நேரம் தவறுவதற்கு முன் தொழுதான். ஆனால் ஜமாஅத் கைநழுவிப்போனது. அன்று அவனும் நாங்களும் சேர்ந்து ஒரு முடிவு செய்தோம். பாங்குக்கு 45 நிமிடத்துக்குள் டஞ்சனில் நுழைவதில்லை. அந்நேரம் மீன் பிடிப்பான், அல்லது ஊர் சுற்றிப் பார்ப்பான். அவற்றை எந்த நொடியிலும் விட்டுவிட்டு எழலாம்.

இப்போது நாளுக்கு ஒரு மணி நேரம். வெள்ளி, சனி இரண்டு. சென்ற வாரம்தான் தரைத்தளக் கதை முடிந்து, பனி மூடிய இஷ்கார்ட் நகரத்தின் வாயில் அவனுக்குத் திறந்தது. அந்நேரம் காக்காவும் உடன் நின்றார். டான்ட்ரெயில் குறியீட்டுத் தாள் பெருநாள் உறையோடு அலமாரியில் இருக்கிறது. இந்த வேகத்தில் போனால் அதை எடுக்க இன்னும் இரண்டு பெருநாளாவது ஆகும் என்று மகனே கணக்குப் போட்டுச் சொன்னான்.